ஏழாம் வகுப்புப் பெரட்டுக்களம்

மே 19, திங்கள்

ஜெயகாந்தன் சேர் இன்று என்னைப் பாராட்டினார். அவருடைய எட்டாம் வகுப்புக்கும் என்னுடைய ஏழாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான் இருக்கிறது. அங்கே யாராவது தும்மினால் இங்கே கேட்கும். “மெரினா டீச்சர், அந்தப் பக்கம் புள்ளைங்க இருக்காங்களான்னே தெரியல. வந்த கொஞ்ச நாளுலயே இப்படி ஒரு கொன்ட்ரோலா!” என்றார். லிந்துலையில் பஸ் ஏறியதிலிருந்து கொட்டகலையில் இறங்கும் வரை அந்த ஒரு வார்த்தையை நினைத்துச் சிரித்தபடியே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கொஞ்சம் உறுத்தியது. வகுப்பு அமைதியாக இருப்பது சரி. வாயே திறக்காமல் இருப்பது? பின்னம் கூட்டுவதை இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு, விளங்கிச்சா என்று கேட்டேன். “வெளங்கிருச்சுங்க டீச்சர்” என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் பதில் சொன்னது. அப்படியா, சரி, கிஷாந்த் வந்து ஒன்று செய் என்றேன். கிஷாந்த் எழுந்து நின்றான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

கடைசி வாங்கில் இருக்கும் பையன். இடாப்பு கூப்பிடும்போது “வந்திருக்கேன் டீச்சர்” என்று சொல்வதைத் தவிர அவன் குரலை நான் கேட்டதே இல்லை. முதல் வாங்கில் இருக்கும் சர்மிளா மட்டும்தான் கை தூக்குவாள். அவள் ஒருத்திக்குப் பாடம் நடத்தத்தான் தினமும் இவ்வளவு தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேனா?

ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தத் தவணைக்கு என் ஆசை அவ்வளவுதான்.

மே 21, புதன்

கல்வியியற் கல்லூரியில் தந்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். கற்பித்தல் பாணி நான்கு வகையாம். அதிகாரம் செலுத்துகிறவர், செய்து காட்டுகிறவர், வழிகாட்டுகிறவர், பொறுப்பை மாணவரிடம் ஒப்படைக்கிறவர். ‘உங்கள் பாணி எது?’ என்ற கேள்விக்கு நான் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. ‘வழிகாட்டுகிறவர்’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்து வைத்திருக்கிறேன்.

பூ நன்றாகத்தான் இருக்கிறது.

மே 23, வெள்ளி

சிரித்தார்கள்! இன்று என் வகுப்பு சிரித்தது!

திலக்ஷன் வீட்டு வேலையில் பாதிதான் செய்துகொண்டு வந்திருந்தான். கொப்பியை நீட்டிக்கொண்டு முழித்தான். எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ தெரியவில்லை. “பாதி வேலைக்கு அரைப்பேர்தான்டா உனக்கு” என்றேன். பிறகு மொத்த வகுப்பும் கொல்லென்று சிரித்தது. திலக்ஷனும் சிரித்தான். கிஷாந்தின் பல் வரிசையை இன்றுதான் பார்த்தேன்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த காலத்தில் வீட்டில் அன்றாடம் கேட்ட சொல் அது. நிறுவையில் கொழுந்து குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரை நாள் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். பிள்ளைகளுக்கும் வீட்டில் கேட்டுப் பழகிய சொல். நான் வேற்றாள் இல்லை, அவர்களில் ஒருத்தி என்று அவர்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். கரும்பலகையின் மூலையில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘முழுப்பேர்’, அந்தப் பக்கம் ‘அரைப்பேர்’ என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள்.

எனக்கென்று ஒரு பாணி வந்துவிட்டது. கல்லூரிக் குறிப்பில் இல்லாத ஐந்தாவது வகை!

மே 28, புதன்

மூன்று நாளாக அரைப்பேர்ப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. எல்லோரும் வீட்டு வேலையை முழுதாகச் செய்து வருகிறார்கள். கிஷாந்தும்கூட! நான் நடக்கிற நடையில் எனக்கே ஒரு மிடுக்குத் தெரிகிறது.

பாடசாலை அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் நெற்றியைத் தடவிக்கொண்டுதான் சொல்வார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சேவைக்கால ஆலோசகர் ஜூலை தொடக்கத்தில் வந்து என் பாடத்தைப் பார்க்கப் போகிறாராம். “ஏழாம் வகுப்புக் கணிதம் உங்களுக்குச் சரிவருதான்னு அவரு சொல்லணும். சரிவரலன்னா ஜெயகாந்தன் சேர் எடுப்பாரு, நீங்க ரெண்டாம் வகுப்பைப் பாருங்க” என்றார்.

இரண்டாம் வகுப்பில் ஒன்றும் தவறில்லை. ஆனால் நான் படித்தது கணிதம். அதைவிட, எனக்கு இந்த வகுப்பு வேண்டும். இந்தப் பிள்ளைகளே வேண்டும். இப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஜூன் 2, திங்கள்

ஏமாந்துவிட்டேன். நன்றாக, சுத்தமாக ஏமாந்துவிட்டேன்.

கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்தேன். நான்காவது கணக்கின் விடை பன்னிரண்டில் ஏழு. முதல் கொப்பியில் பன்னிரண்டில் ஒன்று. இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதிலும்! சர்மிளாவின் கொப்பிக்கு வந்ததும் விசயம் புரிந்தது. அவள் மட்டும் ஏழுதான் எழுதியிருக்கிறாள். ஆனால் அவசரத்தில் எழுதிய அந்த ஏழு ஒன்று மாதிரியே இருக்கிறது. மொத்த வகுப்பும் அதைப் பார்த்து ஒன்று என்று எழுதியிருக்கிறது. காலையில் பாடசாலைக்கு வரும் வழியில் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து, அவள் கொப்பியைக் கைக்குக் கை மாற்றி எழுதுகிறார்களாம். ‘முழுப்பேர்’ எல்லாம் சர்மிளாவின் பேர்!

கோபத்தில் தலை சூடாகிவிட்டது. வகுப்பில் போய் நின்று, “பாத்து எழுதுனவங்கள விடு, கொடுத்தவளுக்குத்தான் முதல்ல அரைப்பேர்” என்று சர்மிளாவின் பெயரை மூலையில் எழுதினேன்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சர்மிளா என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் அழவில்லை.

ஜூன் 4, புதன்

இதை எப்படி எழுதுவது? கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

நேற்று ஆறு கணக்குக் கொடுத்திருந்தேன். இன்று சர்மிளா கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று கணக்குதான் செய்திருந்தாள். மூன்றும் சரி. “ஏன் மிச்சம் செய்யல?” என்றேன். “அரைப்பேர்தானே டீச்சர், போடுங்க” என்றாள். அடுத்தவளும் மூன்று. அதற்கடுத்தவனும் மூன்று. கிஷாந்த் வரைக்கும், எல்லாக் கொப்பியிலும் சரியாக மூன்று கணக்கு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

மெதுவாக வேலை செய்கிற போராட்டம்! தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய் தகப்பன் நிர்வாகத்திடம் செய்வதைப் பிள்ளைகள் என்னிடம் செய்கிறார்கள். ஆனால் நான் நிர்வாகம் இல்லையே. நான் டீச்சர்தானே? பேரேட்டில் பேர் வெட்டுகிற வேலைக்கா நான் வந்தேன்?

மூலையில் எல்லோருடைய பெயரையும் எழுத இடம் போதவில்லை. வெண்கட்டியைக் கீழே வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மழை. தெருவில் தண்ணீர் ஓடியது. பாடசாலை விட்டும் பஸ்ஸுக்குப் போக முடியாமல் ஆசிரியர் அறையில் இருந்தேன். பிள்ளைகளும் வீட்டுக்குப் போக முடியாமல் மண்டபத்தில் ஒதுங்கி இருந்தார்கள். ஒரே சிரிப்புச் சத்தம். என்னவென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

என் வகுப்புத்தான். விளையாடிக்கொண்டு இருந்தார்கள். திலக்ஷன் ஒரு சால்வையை முந்தானை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டி, தாடையைத் தூக்கியபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தான். நடுநடுவே நின்று குதிகாலில் ஒரு தூக்கு. ஐயோ, அது நான்! நான் அப்படித்தான் நிற்கிறேனா?

மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். பெரட்டுக்களத்தில் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்க ஆட்கள் நிற்கிற மாதிரியே. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீலைப் பை, பைக்குள் கொப்பிகள். திலக்ஷன் பையைத் தூக்கி நிறுத்துப் பார்த்தான். “கொறையுது! அரைப்பேர்!” என்று என் குரலில் அதட்டினான். அவன் அடுத்த ஆளிடம் திரும்பியதும், பின்னால் நின்ற பெண் தன் பையிலிருந்து இரண்டு கொப்பியை எடுத்து, குறைந்த பையில் சத்தமில்லாமல் போட்டாள். டீச்சர் திரும்பினால் எல்லோரும் பொம்மை மாதிரி விறைத்து நின்றார்கள். டீச்சர் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கொப்பி கை மாறியது. கடைசியில் டீச்சர் திரும்பவும் நிறுக்க வந்தபோது எல்லாப் பையும் சரியாக இருந்தது. “எப்படி? எப்படி?” என்று திலக்ஷன் தலையைச் சொறிந்தான். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

மலையில் இதைத்தானே செய்வார்கள். காய்ச்சலோடு வந்தவளுக்கோ பிள்ளைத்தாய்ச்சிக்கோ கொழுந்து குறைந்தால், பக்கத்து நிரையில் நிற்கிறவள் தன் கூடையிலிருந்து அள்ளிப் போடுவாள். கங்காணி பார்த்தால் பார்க்காத மாதிரிப் போக வேண்டும். அதுதான் முறை. சர்மிளா செய்தது அதுதான். அவளுடைய விடைகள் கொழுந்து. எவனுக்கும் குறையக் கூடாது என்று அள்ளிப் போட்டிருக்கிறாள். நான் என்ன செய்தேன்? பார்க்காத மாதிரிப் போகக்கூடத் தெரியாத கங்காணி ஆகிவிட்டேன்.

வழிகாட்டுகிறவராம். பூ வேறு.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டின்போது வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் என்னைக் கங்காணி மாதிரி நடித்துக் காட்டியதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே பெருமை. “கைய பின்னால கட்டிக்கிட்டா? குதிகால் தூக்கியா? அப்படியே என்ன மாதிரியேவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எழுந்து நடந்து காட்டினார். திலக்ஷன் எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மா சோற்றைப் போட்டபடி, “உங்கப்பா எனக்கே அரைப்பேர் போட வச்சவரு, தெரியுமா?” என்றார்.

தெரியாது. அம்மா அப்பாவின் குழுவில் கொழுந்தெடுத்தார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

“நாலு பேரு நாலு விதமா பேசக் கூடாதுல்லம்மா? பொண்டாட்டிக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா?” என்றார் அப்பா.

“அன்னிக்கு இவரு தட்டுல அரைச்சோறுதான் வச்சேன்” என்றார் அம்மா. “கொழம்பும் பாதி. அப்பளத்தையும் ஒடச்சு பாதி வச்சேன். நிமிந்து பாத்தாரு, ஒன்னும் பேசல, தின்னுட்டுப் போயிட்டாரு.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்ததில் புரையேறிவிட்டது. அந்த அரை அப்பளத்தை நினைத்து நினைத்துச் சாயந்தரம் வரை சிரித்தேன்.

ஆனால் ஒன்று. நான் அப்பாவின் பிள்ளையாக இருக்கிற அளவுக்கு அம்மாவின் பிள்ளையாகவும் இருக்க முடியாதா என்ன?

ஜூன் 11, புதன்

நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை. இன்று காலையில் முதல் வேலையாக மூலையில் இருந்த கோட்டை அழித்தேன். துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன், தடம்கூட இருக்கக் கூடாதென்று.

“அரைப்பேர் முழுப்பேர் எல்லாம் இனி கிடையாது. சர்மிளா, உனக்கு நான் போட்டது பிழை” என்றேன். பிள்ளைகளுக்கு முன்னால் இப்படிச் சொல்ல பயமாகத்தான் இருந்தது. கை தானாகப் பின்னால் போனது. இழுத்து முன்னால் கொண்டுவந்தேன். திலக்ஷன் கவனித்துவிட்டான், கழுதை.

சர்மிளா எழுந்தாள். “அப்ப குடுக்கலாமா டீச்சர்?” என்றாள்.

“கொடுக்கலாம். ஆனா கொப்பியக் கொடுக்கக் கூடாது. பக்கத்துல உக்காந்து வெளங்கப்படுத்திக் கொடு. வாங்குனவங்க பலகையில வந்து செஞ்சு காட்டணும். காட்ட முடியலன்னா மறுபடி கொடு.”

“வகுப்பு நேரத்துலயா?”

“வகுப்பு நேரத்துலதான்.”

“பேசலாமா?”

பேசலாம் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

பேசுகிறார்கள். ஐயோ, என்ன பேச்சு! ஜெயகாந்தன் சேர் இரண்டு தடவை தட்டியில் தட்டினார்.

ஜூன் 20, வெள்ளி

இந்த முறையில் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று எழுத ஆசை. நடக்கவில்லை. திலக்ஷன் மிகுந்த தைரியத்தோடு தனக்குத் தெரியாததை மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான். மூன்று பேரும் பலகையில் வந்து ஒரே பிழையைச் செய்து காட்டினார்கள். அதைச் சரிப்படுத்த ஒரு பாடவேளை போனது. பிறகு சண்டை, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று. சர்மிளாவைச் சுற்றி ஒரே கூட்டம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எனக்கு எதிர்க் குரலே கேட்காத வகுப்பில், இப்போது “அப்படி இல்லடி, கீழ இருக்கிற எண்ணைக் கூட்டக் கூடாது” என்று யாரோ யாரிடமோ கத்துகிறார்கள். பின்னத்தைப் பற்றிக் கத்துகிறார்கள்! வேறு எதையும் பற்றி இல்லை.

என்னிடம் மட்டும் இன்னும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தங்களுக்குள் பேசுகிறார்கள். நான் பக்கத்தில் போனால் குரல் தணிகிறது. கிஷாந்த் பக்கத்தில் போனால் அவன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு வாங்குக்கு அடியில் தேடுகிறான். பென்சில் அகப்பட இவ்வளவு நேரமா?

ஜூன் 25, புதன்

அதிபர் நெற்றியைத் தடவினார். “டீச்சர், உங்க வகுப்புச் சத்தம் ஒபிஸ் வரைக்கும் கேக்குது. மூனாந்தேதி ஆலோசகர் வாறாரு. அன்னைக்கும் இப்படித்தான் இருந்தா நான் என்ன சொல்லிக் காப்பாத்துறது? ரெண்டாம் வகுப்புன்னு எழுதிட்டுப் போயிருவாரு” என்றார். குரலை உயர்த்தவில்லை. அவருடைய அறைக்குக் கதவு இல்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் நின்றார்கள்.

வகுப்பு ஜெயகாந்தன் சேருக்குப் போனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் பிரம்பு இருந்தாலும் அவருடைய பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைகிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

இரண்டு பாடக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று பழைய மெரினா. நான் பேச, பிள்ளைகள் கேட்க, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. மற்றது இப்போதைய சந்தை இரைச்சல். எதை எடுத்துப் போவது?

பழையதை எடுத்தால் ஏழாம் வகுப்பு எனக்குக் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாயை மூடுங்கள் என்று இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்? பேசலாம் என்று சொன்ன வாயால்?

ஜூலை 2, புதன்

சந்தை இரைச்சல்தான். போவது போகட்டும். பழைய குறிப்பைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

ஜூலை 3, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

ஆலோசகர் பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். பின்னால் கிஷாந்தின் வாங்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். திசைகொண்ட எண்கள் பாடம். பூச்சியத்துக்கு மேலே நேர் எண், கீழே மறை எண். நான் தொடங்கிவைத்துவிட்டு, “சரி, இப்ப பக்கத்துல உள்ளவங்களோட பேசிச் செய்ங்க” என்றேன்.

ஒருவரும் பேசவில்லை.

கை கட்டி, நிமிர்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திலக்ஷன்கூட! “பேசலாம்” என்றேன். அமைதி. “ஏதாவது சந்தேகம்?” என்றேன். அமைதி. “விளங்கிச்சா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “வெளங்கிருச்சுங்க டீச்சர்!” ஒரே குரல். தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெயகாந்தன் சேர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆலோசகர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இதென்ன சோதனை, இவ்வளவு நாள் கத்தின பிள்ளைகள் இன்றைக்குப் பார்த்தா ஊமையாக வேண்டும்?

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குப் பழக்கமே இல்லாத குரல்.

“இவங்க பொய் சொல்றாங்க டீச்சர். எனக்கு வெளங்கல.”

கிஷாந்த் எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது. வகுப்பே திரும்பி அவனை முறைத்தது. அவன் என்னைத்தான் பார்த்தான். “பூச்சியம்னா ஒன்னுமே இல்லதானே? ஒன்னுமே இல்லாததுல இருந்து எப்புடி டீச்சர் இன்னும் கொறைக்கிறது?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சர்மிளாவால் பொறுக்க முடியவில்லை. “டேய், ரோட்டப் பூச்சியம்னு வச்சுக்கடா. நாங்க ரோட்டுக்கு மேல, மேல் லயத்து வீட்டுல. நீ ரோட்டுக்குக் கீழ, கீழ் லயம். ரோட்டுல இருந்து எறங்கித்தானே வீட்டுக்குப் போற? அப்ப உன் வீடு ஒன்னுமில்லாமலா போச்சு?”

“அப்ப நான் மறையா?” என்றான் கிஷாந்த்.

“நீ மறை பத்துடா. இருவது படி ஏறுனா எங்க வீடு, நேர் பத்து.”

“எங்க வீட்டுக்கு இன்னும் கீழ தண்ணிப் பீலி இருக்கே, அது?” என்றான். இன்னொருவன் மறை பதினைந்து என்றான். இல்லை, பீலிக்கு அதைவிடப் படி கூட என்றாள் வேறொருத்தி. அவ்வளவுதான், அணை உடைந்தது. திலக்ஷன் வாங்கு மேலேயே ஏறிவிட்டான். நான் பலகையில் ரோட்டை வரைந்தேன். மேல் லயம், கீழ் லயம், பீலி, கோயில் எல்லாம் அதில் ஏறி இறங்கின. சத்தம் ஒபிஸைத் தாண்டி லிந்துலை வரைக்கும் கேட்டிருக்கும். ஆலோசகர் எழுந்து வந்து, தன்னுடைய குடையின் நுனியால் பலகையில் ஒரு படியைக் காட்டி, “இதுல இருந்து ஏழு படி எறங்குனா எங்க இருப்பேன்?” என்று கேட்டார். “பீலிக்குள்ள விழுந்துருவீங்க சேர்!” என்றான் கிஷாந்த்.

அந்தப் பையன்தான். கிஷாந்த்தான்.

மணி அடித்ததும் ஆலோசகர் என்னிடம், “முதல் பாதி எனக்காக நடந்துச்சு போல. ரெண்டாவது பாதி பாடம்” என்றார். பிறகு, “சத்தம் கொஞ்சம் கூடத்தான்” என்றும் சொன்னார். எழுதியதைக் காட்டவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். “நேத்து ஏன் எல்லாரும் கை கட்டி உக்காந்தீங்க? நான் சொல்லவே இல்லையே?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்மிளாதான் சொன்னாள். “கொழாயடியில நின்னப்ப அதிபர் சொன்னது கேட்டுச்சு டீச்சர். சத்தம் போட்டா ஒங்கள ரெண்டாம் வகுப்புக்கு அனுப்பிருவாங்களாம். அதான் ஒங்களுக்குக் கொறஞ்சிரக் கூடாதுன்னு நாங்களே பேசி முடிவு பண்ணோம். இந்த கிஷாந்து தான் கெடுத்தான்.”

கிஷாந்த், “வெளங்கலன்னா வெளங்கலன்னு தானே சொல்ல முடியும்” என்று முணுமுணுத்தான்.

நான் திரும்பிப் பலகையில் திகதி எழுதினேன். அது ஏற்கெனவே எழுதியிருந்தது. அதன் மேலேயே இன்னொரு தடவை எழுதினேன். அழுகை வந்தால் பிள்ளைகளுக்கு என்னவென்று சொல்வது? இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

ஜூலை 8, செவ்வாய்

அதிபர் புதிய நேரசூசியை ஒட்டினார். ஏழாம் வகுப்புக் கணிதம்: செல்வி சூ. மெரினா. அதற்கு முன்னால் நின்று மூன்று தடவை வாசித்தேன். ஜெயகாந்தன் சேர் பின்னால் வந்து, “நல்லது டீச்சர். ஆனா அந்தத் தட்டிக்கு இன்னொரு பலகை அடிக்கச் சொல்லியிருக்கேன்” என்றார். கோபமா பகிடியா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல.

ஜூலை 12, சனி

தலவாக்கலையில் மரக்கறி வாங்கப் போனேன். பிள்ளைகள் கடைத்தெருவில் டீச்சரைக் கண்டால் என்ன செய்வார்கள்? நானும் அந்த வயதில் அதைத்தான் செய்தேன், அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்து அடுத்த ஒழுங்கையில் திரும்பிவிடுவேன்.

திரும்பி வர பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டேன். “டீச்சர்! டீச்சர்!” என்று பஸ் நிலையத்தின் அந்தப் பக்கமிருந்து கூப்பாடு. கிஷாந்த், அவனுடைய அம்மாவின் கையை உதறிவிட்டு, ஒரு ஓட்டோவைத் தாண்டி ஓடி வருகிறான். அந்த அம்மா பாவம், வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார்.

“டீச்சர், அம்பத்தோராம் பக்கம் அஞ்சாவது கணக்கு, பின்னால போட்டிருக்கிற விடை பிழை!”

கொண்டக்டர் “யமு யமு”, போவோம் போவோம் என்று கத்தினார். நான் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. வாங்கிய போஞ்சிக் காயைச் சுற்றித் தந்த பத்திரிகைத் தாளைப் பிரித்து, கடைக்காரரிடம் பேனை வாங்கி, கடைத் திண்டில் வைத்து அவனோடு செய்து பார்த்தேன். புத்தகம் சரி. அவன்தான் ஒரு கூட்டலைப் பிழையாகப் போட்டிருந்தான். காட்டினேன்.

தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். ஒப்புக்கொள்ளவில்லை. “இல்ல டீச்சர், நீங்க எங்கயோ பிழை விடுறீங்க. திங்கக்கெழமை சர்மிளாக்கிட்ட கேட்டுப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு, என் போஞ்சித் தாளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

மழை பிடித்துக்கொண்டது, அடுத்த பஸ் வரும் வரை அதில் நின்றேன். போஞ்சியை முந்தானையில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.